நகலே இல்லாத வெள்ளிக்கிழமை

‘இரவு ஷிப்ட் தொழிலாளர் நூற்று நாற்பது பேரையும் ஐந்து பாலெட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மாலைக்குள் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு அனுப்பவும்.’

ஸ்டோர் கணினியின் பச்சை எழுத்துகளை ஸ்டோர்க்காரர் அம்மாசி மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார். பிறகு ஆபீசுக்குப் போன் அடித்தார்.

"எர்னஸ்ட் தம்பி, ஒரு சின்ன சந்தேகம்லா."

"சொல்லுங்கண்ணே."

"ஒரு பாலெட்டுப் பலகைக்கு இருபத்தெட்டு பேரு வருது. அடுக்கிடலாம். படுக்க வச்சு அடுக்கவா, நிக்க வச்சு அடுக்கவா?"

எர்னஸ்ட் போனைக் கீழே வைக்காமலே ஓடினான். போன் கம்பி அவனைப் பாதி வழியில் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தது.

அது 1988. உலகத்து டாக்டர்களுக்கெல்லாம் திடீரென்று ரப்பர் கையுறை வேண்டியிருந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் நாலு கல்லும் ஒரு தகரமும் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் கையுறைத் தொழிற்சாலை திறந்தார்கள். செமிலிங்கில் ஜெராய் மலையைப் பார்த்தபடி நின்ற இந்தத் தொழிற்சாலையில் மட்டும் ஆபீஸ், ஸ்டோர், கேண்டீன் மூன்றையும் ஒரே தடித்த கம்பியால் இணைத்திருந்தார்கள். ஆபீசில் தட்டினால் மற்ற இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் தெரிவதற்குள் ஸ்டோர்க்காரர் ஒரு தே தாரேக் தேநீர் குடித்து, கிளாசைக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிடலாம்.

இந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் எர்னஸ்ட் வேலைக்கு வந்திருந்தான். வயது இருபத்தேழு. கம்பியில் வரும் செய்தியை வாங்கிக் கணினிக்குள் சேர்க்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதைத் திறந்து பார்த்தவனுக்கு மயக்கமே வந்தது. வந்த செய்தியை நெட்வொர்க் அட்டை கணினி நினைவகத்தின் ஓர் அறையில் எழுதியது. டிரைவர் அதைப் பார்த்து இரண்டாவது அறையில் எழுதியது. ஸ்டோர் நிரல் அதைப் பார்த்து மூன்றாவது அறையில் எழுதியது. அதற்கப்புறம்தான் திரை.

"எதுக்கு இத்தனை நகல்?" என்றான் எர்னஸ்ட். "செய்தி வந்து விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். ‘இந்த அறையில இருக்கு, போய்ப் படிச்சுக்கோ’ன்னு சொன்னாப் போதும். ஒரு நகல்கூட எடுக்கக் கூடாது!"

இதை அவன் சொன்ன இடம்தான் தப்பு. சொன்னது வால்டரின் மேசைக்கு முன்னால்.

வால்டர் அந்தத் தொழிற்சாலையின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அதற்கு முன் சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணி. அவர் உடம்பில் ரத்தம் ஓடவில்லை, கார்பன் தாள் மைதான் ஓடியது. மீன் வாங்கப் போனால்கூட மூன்று பிரதி. தன் மனைவிக்கு எழுதிய காதல் கடிதத்துக்கே நகல் வைத்திருந்தார்; அசல் அந்தம்மாவிடம், நகல் கோப்பில், ‘அனுப்பப்பட்டது’ முத்திரையோடு. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக அடிக்க மாட்டார். எல்லாருடைய வேலையையும் ஒரே தாளில் வரிசையாக அடித்து, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, அவரவர் வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். கோடு போட்ட வரி உன்னுடையது. மற்றதைப் படித்தாலும் படிக்காத மாதிரி இருந்துகொள்ள வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் ஜெனவீவைத்தான் எர்னஸ்ட் காதலித்தான்.

ஜெனவீவ் அதே ஆபீசில் டெலக்ஸ் அடித்தாள். விஷயம் போன வாரம் வால்டருக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கூட்டில் வைத்து, மூடி, சொன்னார்:

"வெள்ளிக்கிழமை கோலாலம்பூர்லேர்ந்து டைரக்டர் வர்றார். உன் மெஷின அவர் முன்னாடி ஓட்டிக் காட்டணும். ஸ்டோர்லேர்ந்து ஒரு சாமான் மாறி வந்துச்சுன்னா, சனிக்கிழமை அலோர் ஸ்டார்லேர்ந்து கென்னத் வீட்டுக்காரங்க பொண்ணு பார்க்க வருவாங்க. பேங்க் ஆபீசர். எல்லாத்துக்கும் நாலு காப்பி எடுக்கிறான்."

நாலு என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இப்போது திங்கட்கிழமை. எர்னஸ்ட்டின் நகலில்லா டிரைவர் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் ஸ்டோருக்குப் போன ‘ஐந்து பாலெட்டில் அடுக்கி’யும், கேண்டீனுக்குப் போன ‘இரவு ஷிப்ட் நூற்று நாற்பது பேரும்’ ஒரே அறையில் விழுந்து கைகோத்துக்கொண்டன. அம்மாசி முதல் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலைமேல் அடுத்தது வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு அறைதானே வச்சிருக்க?" என்றாள் ஜெனவீவ். "ஒருத்தர் குளிச்சுக்கிட்டு இருக்கிறப்ப இன்னொருத்தர் உள்ள போனா அப்படித்தான்."

"பதினாறு அறை வைக்கிறேன். சுத்தி வர்ற மாதிரி."

"பதினாறு குளியலறையா? எங்கப்பா வீட்ல ஒண்ணுதான் இருக்கு. நல்ல எடம் பார்த்துப் போறேன் போ."

செவ்வாய்க்கிழமை காலை பதினாறு அறை வைத்தான். பத்து மணி வரைக்கும் சொர்க்கம். பத்தே காலுக்குப் பதினாறும் நிரம்பி, பதினேழாவது செய்தி மறுபடி முதல் அறையில் விழுந்தது. அங்கே பழைய நீளமான செய்தி இருந்தது. புதுச் செய்தி குட்டை. தலை புதுசு, வால் பழசு.

கேண்டீன் நடத்திய பிரேமாவதி ஒரு செய்தியையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. திரையில் வந்ததை அப்படியே யான் ஊரில் இருந்த கருவாட்டு வியாபாரிக்குப் போனில் வாசித்துவிட்டாள்.

‘கருவாடு. நடுத்தர அளவு. பவுடர் இல்லாதது. இரண்டாயிரம் ஜோடி.’

அந்த வியாபாரி ஒரு கேள்வியும் கேட்காத உத்தமர். இரண்டாயிரம் ஜோடி என்றால் இரண்டிரண்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தன் குடும்பத்தையே உட்கார வைத்துக் கயிறு கட்டினார். மூன்று மணிக்கு லாரி வந்தது. லாரிக்கு முன்னால் வாசம் வந்தது. வாசத்துக்கு முன்னால் மெர்போக்கிலிருந்து கிளம்பிய பூனைகள் வந்தன. ஜெராய் மலை உச்சியில் தவம் செய்துகொண்டிருந்த மேகம்கூட அந்தண்டைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

மானேஜர் தர்மலிங்கம் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"எர்னஸ்ட், இது என்னா?"

"கருவாடு சார்."

"கண்ணு தெரியுது எனக்கு. ஏன் ஜோடி ஜோடியா இருக்கு?"

"இடது, வலது சார்," என்றாள் பிரேமாவதி. "மெஷின் தப்பே சொல்லாதுன்னு தம்பி சொல்லுச்சு. அதான் நான் வாயத் தொறக்கல."

வால்டர் தன் மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஒரு தாளை எடுத்து, கீழே இரண்டு கார்பன் வைத்து, ‘கருவாடு, நாலாயிரம்’ என்று அடித்தார். நாலாயிரம் என்ற சொல்லை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக, ரசித்து அடித்தார்.

புதன்கிழமை எர்னஸ்ட் ஸ்டோரில் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். தலைமுடி ஒன்பது திசையிலும் நின்றது.

"அம்மாசிண்ணே, நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா இல்லியான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதுதான் கோளாறே."

அம்மாசிக்கு முப்பத்தைந்து வயது. பதினாறு வயதிலிருந்து தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, ஸ்டோருக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. எந்தச் சிக்கலையும் பால்வாளிக்குள் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குப் பிடிபடும்.

"இதுல என்னா தம்பி இருக்கு? தோட்டத்துல பால் நிறுக்கிற எடத்துல நாங்க ஊத்திக்கிட்டா இருந்தோம்? ஊத்துனா சிந்தும்லா. வாளியோட அப்படியே குடுப்போம். குடுத்த வாளிய அப்புறம் நாங்க தொட மாட்டோம். நிறுக்கிற ஆளு ஒரு காலி வாளி குடுப்பாரு. காலி வாளி கைக்கு வராம எடத்த விட்டு நகர மாட்டோம்."

எர்னஸ்ட் அட்டைப்பெட்டியிலிருந்து குதித்தான். அம்மாசியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே! அதேதான்! அறையை அப்படியே உங்ககிட்ட குடுத்துடறேன். நீங்க படிச்சு முடிச்சு ஒரு பட்டனை அமுக்குங்க. அதுதான் காலி வாளி. அது வர்ற வரைக்கும் அந்த அறையை யாரும் தொட மாட்டாங்க!"

"கன்னத்த விடு தம்பி. வலிக்குது."

அன்று மதியமே ஓடவிட்டான். பதினொரு நிமிஷத்தில் தொழிற்சாலையே உறைந்து நின்றது. அம்மாசி எல்லாச் செய்தியையும் அழகாகப் படித்தார். பட்டனை அமுக்கத்தான் மறந்துவிட்டார். பதினாறு வாளியும் நிரம்பி வழிய, காலி வாளி ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆபீஸ் காத்திருந்தது. கேண்டீன் காத்திருந்தது. பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டிய லாரி காத்திருந்து, அதன் டயரில் புல் முளைத்தது.

"சுடா, எல்லாம் முடிஞ்சுது, நான் கென்னத்துக்குப் புடவை எடுக்கப் போறேன்," என்றாள் ஜெனவீவ்.

"கென்னத் புடவை கட்டுவானா?"

"நான் கட்டிக்கிறதுக்குடா மக்கு."

எர்னஸ்ட் பயந்துபோய் ஒரு ‘பீப்’ வைத்தான். செய்தி வந்தால் பீப். பட்டனை அமுக்கும்வரை பீப், பீப், பீப். அந்தப் பீப் மனிதக் காதுக்கு வைத்தது இல்லை. பெடோங்கில் ஒரு பல் டாக்டர் தன் மெஷின் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்த்தாராம்.

அது வேலை செய்தது. வியாழக்கிழமை முழுக்க அம்மாசி பீப்புக்குப் பயந்து ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக அமுக்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு செய்தி போனது. ஒரு கருவாடுகூட இடம் மாறவில்லை. எர்னஸ்ட் தலைமுடியைச் சீவிக்கொண்டான்.

சாயங்காலம் வால்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தட்டச்சு சத்தம். டக் டக் டக், டிங்.

"டைரக்டர் நாளைக்கு என்னென்ன செய்வார்னு டெலக்ஸ் வந்துச்சு," என்று கிசுகிசுத்தாள் ஜெனவீவ். "அப்பா வாங்கிட்டு உள்ள போனார். ஒரு மணி நேரமா அடிக்கிறார். நடுவுல எட்டிப் பார்த்தேன். டப்புன்னு கையால மறைச்சிட்டார். மூணு காப்பி."

"யார் யாருக்கு?"

"வேற யாருக்கு? கென்னத், கென்னத்தோட அப்பா, கென்னத்தோட அம்மா."

எர்னஸ்ட் சீவிய தலைமுடி தானாகக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டைரக்டர் வந்தார். உயரமானவர், அவசரக்காரர், வலது கையில் கடிகாரம். தர்மலிங்கம் வாசலில் மாலையோடு நின்றார். மாலையிலிருந்தும் லேசாகக் கருவாட்டு வாசம் வந்தது. டைரக்டர் கண்ணியமானவர், கேட்கவில்லை.

"எங்கே அந்த மெஷின்?"

எர்னஸ்ட் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒரு பக்கம் ஜெனவீவ், நகத்தைக் கடித்தபடி. இன்னொரு பக்கம் வால்டர், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டேன் என்கிற மாதிரி. ஜன்னலுக்கு வெளியே முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்க் கதவு.

டைரக்டர் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். "ஐந்து ஆர்டர். ஒவ்வொன்றாகத் தட்டு."

முதல் ஆர்டர்: சிறிய அளவு, நாற்பது பெட்டி. எர்னஸ்ட் தட்டினான். விரலை எடுப்பதற்குள் திரையில் ‘படித்தாயிற்று’ என்று பதில் வந்தது.

"அட! இவ்வளவு சீக்கிரமா?" என்றார் டைரக்டர்.

"நகல் கிடையாது சார்," என்றான் எர்னஸ்ட். "எந்த இடத்திலும் ஒரே ஒரு நகல்கூடக் கிடையாது."

வால்டர் இருமினார்.

ஸ்டோர்க் கதவு திறந்தது. போர்க்லிப்ட் வண்டி நாற்பது பெட்டியோடு பாய்ந்து வந்தது. தர்மலிங்கம் ஓடிப்போய் எண்ணினார். சரியாக நாற்பது. எல்லாம் சிறிய அளவு.

இரண்டாவது ஆர்டர். இந்தத் தடவை எர்னஸ்ட் கடைசி எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ‘படித்தாயிற்று’ வந்துவிட்டது. அவன் மனதுக்குள் ஏதோ ஒன்று லேசாக அரித்தது. அதைச் சொறிய நேரமில்லை. போர்க்லிப்ட் வந்துவிட்டது. சரியான பெட்டி.

மூன்று. நாலு. ஐந்து. ஐந்தும் அச்சுப் பிசகாமல் வந்தன. ஐந்தாவதில் ஆர்டர் சொல்லி முடிவதற்கு முன்னமே போர்க்லிப்ட் முற்றத்தில் நின்று மூச்சு வாங்கியது.

"முப்பது வருஷத் தொழிலில் இப்படிப் பார்த்ததில்லை!" டைரக்டர் எர்னஸ்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவனுடைய சட்டைப் பேனா எகிறி வால்டரின் காலடியில் விழுந்தது. "கேள்விக்கு முன்னாடி பதில் வருகிறது! நகலே இல்லாமல்!"

வால்டர் குனிந்து பேனாவை எடுத்தார். துடைத்தார். எர்னஸ்ட்டின் பையில் செருகினார்.

"நாலு மணிக்குக் கேண்டீனுக்கு வா," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

"இது நல்லதா கெட்டதா?" என்றான் எர்னஸ்ட்.

"அப்பா முகத்தப் பார்த்து யாரு சொல்ல முடியும்?" என்றாள் ஜெனவீவ். "எனக்குப் பேர் வைக்கிறப்பவும் அதே முகந்தானாம்."

எர்னஸ்ட் முற்றத்தைத் தாண்டி ஸ்டோருக்கு ஓடினான். இந்த வெற்றியில் பாதி அம்மாசியுடையது. அந்த மனிதரைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும் என்று கையை விரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

விரித்த கை விரித்தபடியே நின்றது. ஸ்டோர் கணினியின் திரையில் இருந்தது:

‘டைரக்டர் ஒருவர். பெரிய அளவு. இரண்டு பக்கமும் பொரித்து, ஐம்பது பெட்டியில் அடைக்கவும்.’

"அண்ணே! இது என்னா!"

"அதா? காலையிலேர்ந்து இப்படித்தான் உளறிக்கிட்டு கெடக்கு," என்றார் அம்மாசி, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

"பட்டனை ஒழுங்கா அமுக்கினீங்களா?"

"ஒழுங்கா என்னா, முன்கூட்டியே அமுக்கிட்டேன்லா! டைரக்டர் வர்ற நேரத்துல அந்தச் சனியன் பீப்பு பீப்புன்னு கத்துனா மரியாதையாவா இருக்கும்? ஏழு மணிக்கே வந்து இருபது தடவை அமுக்கி வச்சிட்டேன். தோட்டத்துலயும் அப்படித்தான் செய்வோம். கெட்டிக்காரன் வீட்லேர்ந்தே நாலு காலி வாளி கொண்டாந்து நிறுக்கிற ஆளுகிட்ட முன்னாடியே குடுத்து வச்சிருவான். வரிசையில நிக்கத் தேவையில்ல பாரு."

எர்னஸ்ட்டுக்கு அரிப்பு எங்கே என்று இப்போது தெரிந்தது. படிக்காத அறையை எல்லாம் காலி என்று நம்பி, டிரைவர் மகிழ்ச்சியாக ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"அப்படின்னா... அஞ்சு ஆர்டரும் சரியா வந்துச்சேண்ணே? திரையில படிக்காம எப்படி அனுப்புனீங்க?"

"இத வச்சுத்தான்." அம்மாசி சட்டைப் பையிலிருந்து மடித்த மெல்லிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "நேத்து சாயங்காலமே கிராணி ஐயா நேர்ல வந்து குடுத்துட்டாரு. ‘திரையப் பார்க்காத, இதப் பாரு. அந்தப் பையன்கிட்ட மூச்சு விடாத’ன்னாரு."

நீல மை லேசாகப் பரவிய கார்பன் நகல். மேலே வியாழக்கிழமைத் தேதி. ஒன்று முதல் ஐந்து வரை டைரக்டரின் ஆர்டர்கள், வரிசை மாறாமல், ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பென்சில் கோடு.

ஆறாவது வரிக்குக் கோடு இல்லை: ‘நாலு மணி. கேக். கேண்டீன் பொறுப்பு. கருவாடு கண்டிப்பாகக் கூடாது.’

ஏழாவது வரிக்கு வந்தபோது மை மிகவும் மங்கிப் போயிருந்தது. எர்னஸ்ட் தாளைக் கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ‘ஞாயிறு’ என்பது மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணே, இந்தக் கடைசி வரி யாரோடது?"

அம்மாசி பிஸ்கட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அது கோயில் பாதரோட வரி தம்பி, மூணாவது காப்பி நேத்தே அவருக்குப் போயிருச்சு, வர்ற ஞாயித்துக்கெழம பூசையில உனக்கும் ஜெனவீவ் பாப்பாவுக்கும் மொத கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணுமாம்."